எட்டுப் பொத்தான்களும் ஒரு தரகரும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிக்பேட்டைப் பக்கம், பி.வி.கே. ஐயங்கார் சாலையை ஒட்டி விரியும் சோர் பஜாரில், சார்ஜர் குவியலுக்கும் டிவி ரிமோட் குவியலுக்கும் நடுவே பழைய வீடியோ கேம் கன்ட்ரோலர்கள் கிடக்கும். சோனி பிளேஸ்டேஷனுடையது எப்போதாவது கண்ணில் படும். பெயர் அழிந்துபோன சாம்பல் நிறச் சீனத் தயாரிப்புகளுக்குக் குறைவே இருக்காது. இவற்றில் எதைக் கொண்டுவந்து இன்றைய கணினியில் மாட்டினால் ஒழுங்காக ஆட முடியும், எதை அங்கேயே விட்டுவிட்டு வருவது நல்லது? அலமாரியில் வைத்து அழகு பார்க்க வாங்குகிறவரை நான் கணக்கில் சேர்க்கவில்லை, அவருக்கு எதுவானாலும் சரிதான். உட்கார்ந்து ஆடப் போகிறவரை மனத்தில் வைத்தே இதை எடைபோடுகிறேன்.

அமெரிக்கர்களும் ஜப்பானியர்களும் ஏற்கெனவே சொல்லிவைத்த தீர்ப்புகளை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அவர்கள் பேசுவது அசல் நின்டெண்டோ கன்ட்ரோலரைப் பற்றி. ஜப்பானில் 1983இல் ஃபாமிகாம் என்ற பெயரிலும், அமெரிக்காவில் 1985இல் என்.இ.எஸ். என்ற பெயரிலும் வந்த அந்த இயந்திரம், இந்தியாவுக்கு 1980களின் பிற்பகுதியில் சாமுராய் என்ற பெயரில் உரிமத்தோடு வந்தது. வாங்க முடிந்த வீடுகள் கொஞ்சம்தான். 1995இல் ஷா வாலஸ் நிறுவனம் சேகாவின் மெகா டிரைவை இங்கே விற்க இறங்கியபோது அதன் விலை 18,000 ரூபாய். அன்றைக்கு நடுத்தரக் குடும்பம் ஒன்றின் பல மாதச் சம்பளம் அது. ஆகவே பெங்களூரு மெஜஸ்டிக் நேஷனல் மார்க்கெட்டிலும் சென்னை பர்மா பஜாரிலும் நம் அப்பாக்கள் பேரம் பேசி வாங்கிவந்தது ‘டிவி கேம்’: லிட்டில் மாஸ்டர், மீடியா என்று ஏதோ ஒரு பெயர் ஒட்டிய ஃபாமிகாம் நகல். கூடவே ‘9999 இன் 1’ என்று அச்சிட்ட மஞ்சள் கேசட். நம் ஊரில் ‘பழைய கன்ட்ரோலர்’ என்றால் பத்துக்கு எட்டு நேரம் இந்த நகலின் கன்ட்ரோலர்தான். அசலுக்குச் சொன்ன புகழுரை இதற்குப் பொருந்துமா என்று தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். அசல் என்.இ.எஸ். கன்ட்ரோலரில் எட்டுப் பொத்தான்கள், 4021 என்ற ஒரே ஒரு சிப், வெளியே போக ஐந்து கம்பிகள், அவ்வளவுதான். ஐந்தில் இரண்டு மின்சாரத்துக்கு. மூன்றாவது கம்பியில் இயந்திரம் ஒரு துடிப்பு அனுப்பும்; அந்தக் கணத்தில் எட்டுப் பொத்தான்களும் எந்த நிலையில் இருக்கின்றனவோ அதை சிப் பிடித்துவைத்துக்கொள்ளும். நான்காவது கம்பியில் வரும் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒவ்வொன்றாக ஐந்தாவது கம்பி வழியே சொல்லும்: ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடது, வலது. இந்த வரிசை மாறவே மாறாது. உள்ளே மென்பொருள் இல்லை, நினைவகம் இல்லை, அமைத்துக்கொள்ள எதுவும் இல்லை. இந்த 4021ஐ டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் இன்றும் விற்கிறது. அந்த நிறுவனம் பெங்களூருவில் வடிவமைப்பு மையம் திறந்ததும் என்.இ.எஸ். அமெரிக்காவுக்கு வந்த அதே 1985இல்தான். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் இந்த ஊரில் உட்கார்ந்து இதை எழுதும்போது சொல்லாமல் விட மனம் வரவில்லை.

நகலில் 4021 இருக்காது. பச்சைப் பலகையின் மேல் கறுப்புப் பிசினால் ஒரு பொட்டு வைத்திருப்பார்கள். சிப் அதற்கு அடியில். ‘டர்போ’ பொத்தானுக்கான அலையாக்கியும் அதற்குள்ளேயே. இருந்தாலும் பேசும் மொழி அதே ஐந்து கம்பி மொழி. இந்த இடத்தில் நகலுக்கும் அசலுக்கும் வித்தியாசம் கிடையாது.

இன்றைய கணினிக்கு அந்த மொழி தெரியாது. ஒரு காலத்தில் தெரிந்திருந்தது. பிரின்டர் மாட்டும் 25 முள் போர்ட்டில் இந்தக் கம்பிகளை நேராக இணைத்தால் போதும். லினக்ஸில் வோய்டெக் பாவ்லிக் எழுதிய டிரைவர், துடிப்பைத் தானே அனுப்பிப் பதிலைத் தானே வாங்கிக்கொள்ளும். அந்தப் போர்ட் போய்விட்டது. ஜாய்ஸ்டிக்குக்கென்றே இருந்த 15 முள் கேம் போர்ட்டுக்கு விண்டோஸ் விஸ்டாவிலேயே ஆதரவை நிறுத்திவிட்டார்கள். மிச்சம் இருப்பது யூ.எஸ்.பி. மட்டும். ஆகவே பழைய கன்ட்ரோலருக்கும் புதிய கணினிக்கும் நடுவில் ஒரு தரகர் வந்தே ஆக வேண்டும். பழைய கன்ட்ரோலர் நன்றாக இருக்கிறது என்பவரும் மோசம் என்பவரும் பெரும்பாலும் தெரியாமலே இந்தத் தரகரைப் பற்றித்தான் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் கட்சி.

கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அடாப்டரை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வகையில் பல, யூ.எஸ்.பி.யின் தாழ்வேகத்தில் பேசுகின்றன. கணினி இவற்றை 8 மில்லிநொடிக்கு ஒருமுறை, அதாவது நொடிக்கு 125 தடவைதான் விசாரிக்கும். அடாப்டரோ கன்ட்ரோலரைத் தன் வசதிக்குத் தனியாக விசாரித்துக்கொண்டிருக்கும். இரண்டு விசாரணையும் ஒன்றோடொன்று இசைந்து நடப்பதில்லை. அடாப்டரின் விசாரணையும் 8 மில்லிநொடி எடுத்துக்கொண்டால், நேரம் கெட்டுப்போன ஒரு அழுத்தலுக்கு 16 மில்லிநொடி தாமதம். நொடிக்கு 60 படம் ஓடும் ஆட்டத்தில் ஒரு படம் முழுதாகப் போய்விட்டது. எப்போதும் ஒரே தாமதம் என்றால் கை பழகிக்கொள்ளும். ஒருமுறை 2, இன்னொருமுறை 14 என்று ஆடுவதுதான் வேதனை. மரியோ பள்ளத்தின் விளிம்பில் தாவாமல் விழும்போது ‘பொத்தான் போயிடுச்சு’ என்கிறோம். பொத்தான்மேல் தப்பு இருக்காது.

தரகரை மாற்றினால் கணக்கே மாறுகிறது. ஏடிமெகா32யு4 சிப் உள்ள ஆர்டுயினோ ப்ரோ மைக்ரோ, அல்லது 2021 ஜனவரியில் வந்த ராஸ்பெரி பை பைகோ. இரண்டும் யூ.எஸ்.பி.யின் முழுவேகத்தில் பேசும், ஒரு மில்லிநொடிக்கு ஒருமுறை பதில் சொல்லும். டீமன்பைட் போன்ற திறந்த மென்பொருளைப் பதிந்துகொண்டால் எழுதவேண்டிய நிரல்கூட இல்லை. எட்டுப் பொத்தான்களையும் வாசித்து முடிக்கும் வேலை அரை மில்லிநொடியில் அடங்கிவிடும். தாமதக் குற்றச்சாட்டு இத்தோடு தள்ளுபடி என்றே சொல்வேன். இதற்குப் பிறகும் மந்தமாகத் தெரிந்தால் டிவியைத்தான் பிடிக்க வேண்டும்; கேம் மோட் போடாத டிவி படத்தை மெருகேற்றுகிறேன் என்று எடுத்துக்கொள்ளும் நேரத்துக்கு முன்னால் அடாப்டர் செய்யும் குற்றம் சில்லறை.

‘அசல் இயந்திரத்தில் இந்தத் தரகர் தொல்லையே இல்லை’ என்று தூய்மைவாதிகள் சொல்வதுண்டு. அதுவும் முழு உண்மை இல்லை. என்.இ.எஸ். ஒலித்துணுக்கு ஒன்றை வாசிக்கும்போது கன்ட்ரோலருக்குப் போகும் துடிப்பில் ஒன்று கூடிவிடும். ஒரு பொத்தான் தவறிப் பக்கத்துப் பொத்தானாகப் பதிவாகும். அதற்காகவே சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3, இரண்டு தடவை ஒரே பதில் வரும்வரை திரும்பத் திரும்பக் கேட்கும்படி எழுதப்பட்டது. நல்ல மைக்ரோகன்ட்ரோலர் அடாப்டர் இந்த விஷயத்தில் அசலைவிட யோக்கியம்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு வழக்கும் இருக்கிறது. இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அந்த ஆட்டங்கள் நொடிக்கு 60 படம் ஓடின. இந்தியத் தொலைக்காட்சி பால் முறை, நொடிக்கு 50. அதற்கென்று செய்யப்பட்ட நகல் இயந்திரங்களில் 60க்கு எழுதிய ஆட்டத்தை 50இல் ஓட்டினார்கள். ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்தது. கான்ட்ரா ஆட்டத்தை நாம் கற்றுக்கொண்டது அந்த வேகத்தில். இன்று கணினியில் எமுலேட்டரைப் போட்டு, கேட்காமலே 60இல் ஓடும் கான்ட்ராவை ஆடிவிட்டு, ‘அந்தக் காலத்துல மூணாவது ஸ்டேஜை அசால்ட்டா முடிப்பேன், இப்ப கன்ட்ரோலர் சரியில்ல’ என்று சொல்லும் நாற்பது வயதுக்காரர்கள் உண்டு. கன்ட்ரோலரைத் திட்டுவதற்கு முன் மெசன், எஃப்.சி.இ.யு.எக்ஸ். போன்ற எமுலேட்டரில் டெண்டி என்ற அமைப்பைத் தேர்ந்து ஓட்டிப் பாருங்கள். அது ரஷ்யாவில் புகழ்பெற்ற நகலின் பெயர். நம் நகல்களின் 50 படக் கணக்குக்கு அதுவே நெருக்கம். வயதின் பங்கும் இருக்கும் என்பதை மறுக்கவில்லை.

இனி கைக்கு வருவோம், ஏனென்றால் வாதங்களில் மிக வலுவானது அதுதான். சிலுவை வடிவ திசைப் பொத்தானை 1982இல் டாங்கி காங் கையடக்க ஆட்டத்துக்காக நின்டெண்டோவின் குன்பெய் யோகோய் வடிவமைத்தார். அதன் நுட்பம் நடுவில் இருக்கும் சிறு குமிழில். சிலுவை அந்தக் குமிழின்மேல் சாய்ந்தாடும். இடப்பக்கம் கீழே போனால் வலப்பக்கம் எழுந்தே ஆக வேண்டும். இடதும் வலதும் ஒன்றாக அழுந்த வழியில்லை. கட்டைவிரல் ஒரே இடத்தில் இருந்தபடி உருண்டால் போதும். நகலில் வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்து வார்த்திருப்பார்கள்; குமிழ் குட்டையாக இருக்கும், சில நேரம் இருக்காது. வலது அழுத்தினால் கூடவே மேல் திசையும் ஒட்டிக்கொள்ளும்.

இதைச் சோதிக்க ஆய்வகம் தேவையில்லை. கான்ட்ராவில் முப்பது உயிர் வாங்கும் சூத்திரம் எல்லோருக்கும் மனப்பாடம்: மேல் மேல், கீழ் கீழ், இடது வலது, இடது வலது, பி, ஏ. கொனாமியின் கசுஹிசா ஹாஷிமோட்டோ கிரேடியஸ் ஆட்டத்தைச் சோதிக்கத் தனக்காகப் போட்டுக்கொண்ட குறுக்குவழி அது. திசைப் பொத்தானில் எங்கேயாவது குறுக்குத் திசை ஒட்டினால் சூத்திரம் ஏற்காது, மூன்று உயிரோடுதான் ஆட்டம் தொடங்கும். பத்துத் தடவை போட்டு ஏழெட்டுத் தடவையாவது சூத்திரம் ஏற்காத கன்ட்ரோலரை, எவ்வளவு நல்ல அடாப்டர் மாட்டினாலும், காப்பாற்ற முடியாது.

காப்பாற்றக் கூடியதும் உண்டு. திருகுகளைக் கழற்றினால் உள்ளே ஒரு ரப்பர் விரிப்பு. ஒவ்வொரு பொத்தானுக்கும் அடியில் கறுப்பாக ஒரு கார்பன் வில்லை. பொத்தான் அழுந்தும்போது வில்லை பலகையில் உள்ள இரண்டு கோடுகளை இணைக்கும். மல்ட்டிமீட்டரை இரண்டு கோட்டிலும் வைத்து அழுத்திப் பாருங்கள். சில நூறு ஓமுக்குள் காட்டினால் ஆரோக்கியம். பல ஆயிரத்துக்குப் போய்த் தத்தளித்தால் அந்தப் பொத்தான் வேண்டும்போது வேலை செய்யும், வேண்டாதபோது படுத்துவிடும். பெரும்பாலும் காரணம் முப்பது வருட விரல் எண்ணெயும் பெங்களூருத் தூசியும் சேர்ந்த பிசுக்கு. செல்போன் ரிப்பேர்க்காரர்கள் வைத்திருக்கும் ஐ.பி.ஏ. திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் கறுப்பாக வந்து ஒட்டும், எண் இறங்கும். துடைத்தும் இறங்கவில்லை என்றால் வில்லை தேய்ந்துவிட்டது. டிவி ரிமோட்டுக்குப் பூசும் கார்பன் பூச்சு கைகொடுக்கும். இன்றைய வயர்லெஸ் கன்ட்ரோலர் எதையும் இவ்வளவு சுலபமாகப் பிரித்து மூட முடியாது. பழையதற்குச் சாதகமாக நான் போடும் பெரிய மதிப்பெண் இதற்குத்தான்.

இணைப்பது அவ்வளவு சுலபம் இல்லை. நகல்களில் பல ஒன்பது முள் சொருகியோடு வரும். மெகா டிரைவும் அதே சொருகிதான், பழைய அட்டாரியும் அதேதான். உருவம் ஒன்று, உள் இணைப்பு வேறு வேறு. மெகா டிரைவுக்கு 5 வோல்ட் ஐந்தாவது முள்ளில். நகல்களில் பெரும்பாலும் ஆறாவதில். மெகா டிரைவுக்கென்று விற்கும் அடாப்டரில் நகலைச் சொருகிவிட்டு ‘செத்துப்போன கன்ட்ரோலர்’ என்று தூக்கிப் போடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. கம்பியின் நிறத்தையும் நம்பக் கூடாது, நகலுக்கு நகல் மாறும். மீட்டர் வைத்துப் பார்ப்பது ஒன்றே வழி.

சதர் பத்ரப்பா ரோட்டில், எல்லோரும் எஸ்.பி. ரோடு என்று சொல்லும் அந்தச் சந்துகளில், ஒரு கடைக்காரரிடம் சோல்டர் செய்யும் வகை நைன் பின் கனெக்டர் கேட்டேன்.

“ஆர்.எஸ். டூ தர்ட்டி டூவுக்கா சார்? பீன்யா பார்ட்டியா?”

“இல்லண்ணா, வீடியோ கேமுக்கு.”

“வீடியோ கேமுக்கா!” என்றவர் அப்புறம் ஒன்றும் கேட்காமல் டப்பாவைத் திறந்தார். பீன்யா தொழிற்பேட்டையின் பழைய சி.என்.சி. இயந்திரங்கள் இன்னும் அந்த சீரியல் போர்ட் வழியாகத்தான் நிரல் வாங்கிக்கொள்கின்றன. அவற்றின் புண்ணியத்தில் கனெக்டர் இன்னும் விற்பனையில் இருக்கிறது. பைகோ, 4021, கனெக்டர், கம்பி எல்லாவற்றையும் ஒரே தெருவில் வாங்கிவிட முடிவது பெங்களூருக்காரருக்குக் கிடைத்த சலுகை. இந்தத் தீர்ப்பில் ஊருக்கும் பங்கு உண்டு என்பது அதனால்தான். பைகோ 3.3 வோல்ட் சிப், கன்ட்ரோலர் 5 வோல்ட்டுக்குச் செய்தது என்று பயப்பட வேண்டாம். 4021 வகை 3 வோல்ட்டிலிருந்தே வேலை செய்யும், கன்ட்ரோலருக்கும் 3.3ஐயே கொடுத்துவிட்டால் பைகோவுக்கு ஆபத்தில்லை.

மற்றத் தலைமுறைகளை நீட்ட வேண்டியதில்லை. சூப்பர் நின்டெண்டோவின் கன்ட்ரோலரில் அதே 4021 முறை, எட்டுக்குப் பதில் பதினாறு துடிப்பு, பன்னிரண்டு பொத்தான். கையில் பிடிக்க இதைவிட நல்ல பழைய கன்ட்ரோலர் இல்லை என்பது என் எண்ணம். மெகா டிரைவின் ஆறு பொத்தான் வகையும் அருமைதான், ஆனால் சோம்பேறி அடாப்டர்கள் அதை மூன்று பொத்தானாகவே பார்க்கும். முதல் எக்ஸ்பாக்ஸுடையது வேடிக்கை: சொருகிதான் வேறு, உள்ளே ஓடுவது யூ.எஸ்.பி.யேதான். வெட்டி ஒட்டினால் லினக்ஸ் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும். நின்டெண்டோ 64ஐ விட்டுவிடலாம். அதன் குச்சி பிளாஸ்டிக் கிண்ணத்தில் உரசி உரசித் தூளாகித் தளர்ந்துபோயிருக்கும், தளராததைப் பழைய சாமான் கடையில் பார்க்கப் போவதில்லை. வாத்து சுடும் துப்பாக்கிக்கு ஆசைப்படவே வேண்டாம். பழைய குழாய் டிவியில் எலெக்ட்ரான் கற்றை உடனுக்குடன் திரையில் தீட்டும் ஒளியை நம்பி இயங்கியது அது. எல்.சி.டி. திரையில் அந்தக் கற்றையே இல்லாதபோது எந்த அடாப்டரும் உதவாது.

எதிர்த்தரப்பின் வாதம் ஒன்று எனக்குக் கனமாகப் படுகிறது. என்.இ.எஸ். கன்ட்ரோலர் ஒரு செங்கல். கூரான மூலைகள் உள்ளங்கையில் குத்தும். மரியோ ஓட பி, தாவ ஏ. கட்டைவிரல் நுனியால் பி பொத்தானைப் பிடித்தபடி அதே விரலின் மூட்டால் ஏ பொத்தானைத் தட்ட வேண்டும், இரண்டும் ஒரே கோட்டில் இருப்பதால். எக்ஸ்பாக்ஸ் பாணி கன்ட்ரோலரில் இடப்பக்கப் பொத்தானை ஓட்டத்துக்கும் கீழ்ப் பொத்தானைத் தாவலுக்கும் வைத்தால் விரல் தானாகச் சாய்ந்து படிகிறது. மேலும் எமுலேட்டர்களை ஓட்டும் ரெட்ரோஆர்ச் மென்பொருளில் உள்ள ரன்-அஹெட் வசதி, ஆட்டத்துக்குள்ளேயே இருக்கும் தாமதத்தை வெட்டிவிடும். எந்த நல்ல கன்ட்ரோலரோடும் அசல் இயந்திரத்தைவிடச் சுறுசுறுப்பாகவே ஆடலாம். அப்படியானால் பழையது எதற்கு? ஆட்டம் அந்தப் பொத்தான்களுக்காக அளவெடுத்துத் தைக்கப்பட்டது என்ற பதில் பாதிதான் செல்லும். கான்ட்ராவில் ஓடிக்கொண்டே குறுக்காகச் சுடும்போது சிலுவைப் பொத்தான் தரும் தெளிவை இன்றைய விலை மலிவான கன்ட்ரோலர்களின் வட்டத் திசைப் பொத்தான் தருவதில்லை. அதற்கு அப்பால், வசதியில் புதியதே ஜெயிக்கிறது.

ஆகவே என் தீர்ப்பு இப்படி. சூப்பர் நின்டெண்டோ அல்லது ஆறு பொத்தான் மெகா டிரைவ் அசல் கிடைத்தால், மைக்ரோகன்ட்ரோலர் அடாப்டரோடு, தயங்காமல் எடுங்கள். பழைய ஆட்டத்துக்கு மட்டும் இல்லை, ஷவல் நைட், செலஸ்ட் போன்ற புதிய இரு பரிமாண ஆட்டங்களுக்கும் அது என் முதல் தேர்வு. அசல் என்.இ.எஸ். கன்ட்ரோலரை அதன் ஆட்டங்களுக்கு மட்டும், ஒரு மணி நேரத்துக்கு மேல் இல்லாமல். இரண்டு குச்சி கேட்கும் கால்பந்துக்கும் கார் பந்தயத்துக்கும் பழையது எதையும் இழுத்துவராதீர்கள். சில நூறு ரூபாய் அடாப்டரை எதற்கும் வாங்காதீர்கள். அதைவிடக் கீபோர்டே மேல்.

நம் சாம்பல் நிற நகலுக்கு முதல் ஆட்டக்காரர் இடத்தை என்னால் தர முடியவில்லை. பிரித்துத் துடைத்து, முப்பது உயிர்ச் சோதனையில் தேறினால், இரண்டாவது ஆட்டக்காரர் இடத்துக்குச் சேர்த்துக்கொள்ளலாம். ஃபாமிகாமின் இரண்டாவது கன்ட்ரோலரில் ஸ்டார்ட்டும் செலக்ட்டும் கிடையாது. அந்த வழக்கத்தைப் பின்பற்றிய நகல்களிலும் இருக்காது. கான்ட்ராவைப் பொறுத்தவரை அது குறையே இல்லை, எத்தனை பேர் என்று தேர்ந்து ஆட்டத்தைத் தொடங்கிவைப்பது முதல் கன்ட்ரோலரின் வேலை.